பேத்துப்பாறையில் மூன்று நாள்

கோடைகாலம் பிறந்ததும் நடுத்தரக் குடும்பத்தார் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இவ்வருஷம் எந்த மலைக்கு?" என்பதே அது. போகிறவர்கள் பெருமையோடு பதில் சொல்லுவார்கள். போகாதவர்கள், "வெயில் என்ன, வருஷா வருஷம் அடிப்பதுதானே!" என்று வேதாந்தம் பேசுவார்கள். நாங்கள் பல வருஷங்களாக இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவர்கள். இந்த வருஷம் முதற்கட்சிக்கு மாறினோம். அதனால் கண்டதையும் கேட்டதையும், அதைத் தொடர்ந்து எங்கள் வீட்டில் ஏற்பட்டிருக்கும் சில மாறுதல்களையும் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றிற்று.

நாங்கள் மதுரைவாசிகள். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. மற்றவர் ஒரு பாங்கியில் கணக்கர். மூத்தவன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இப்போதிருந்தே கச்சை கட்டிக்கொண்டிருக்கிறாள். எண்பது வயதான மாமியார் வீட்டில் இருக்கிறார். வேளைக்கு மூன்று மாத்திரை அவருக்கு. எங்கள் இருவருக்கும் சம்பளம் உண்டு. இருவருக்கும் மேலதிகாரி உண்டு. இருவருக்கும் சாயங்காலத்தில் கால்வலி உண்டு. ஆயினும் காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறவர் ஒருவர்தான். அவர் யார் என்பதை வாசகர்களுக்கு, முக்கியமாக வாசகிகளுக்கு, விளக்க வேண்டியதில்லை.

இது எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டுமன்று. மக்கள் தங்கள் இருபத்துநான்கு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா 2019ஆம் வருஷத்தில் தேசமெங்கும் ஒரு கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செலவிடுவதாக அதில் தெரிந்தது. அவ்வேலையில் கை வைக்கிறவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். 2024ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்ணின் பங்கு 289 நிமிஷமாயிற்று. ஆணின் பங்கு 88 நிமிஷமாயிற்று. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், ஆணும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்!

விடுமுறைக் காலத்தில் இந்தக் கணக்கு மாறுகிறதா? பெரும்பாலும் மாறுவதில்லை. மலைக்குப் போகும் குடும்பங்களைக் கவனித்துப் பாருங்கள். புளியோதரை கட்டுகிறவரும், மருந்துப் பெட்டியை ஞாபகமாக எடுத்து வைக்கிறவரும், ஈரத் துணியை உலர்த்துகிறவரும், வீட்டில் யாரோ அவரேதான். ஊர் மாறுகிறது, உத்தியோகம் மாறுவதில்லை.

ஆகவே நாங்கள் புறப்படுவதற்கு முன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அடுப்பு, குக்கர், காப்பிப்பொடி எதையும் உடன் கொண்டுபோவதில்லை. தங்கும் இடத்திலேயே சாப்பாடு. பெட்டி கட்டுவது, துணி மடிப்பது, மாத்திரையை நினைவு வைப்பது ஆகிய சில்லறை வேலைகள் பாதிப் பாதி. இதற்கு 'அடுப்புக்கு விடுமுறை' என்று பெயரும் வைத்தோம்.

பெண் படிப்பை விட்டு வர மறுத்துவிட்டாள். மாமியாரையும் அவளையும் பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தார். "அண்ணி, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. அம்மாவை நான் பார்த்துக்கிறேன்" என்றார். தம் வீட்டைப் பூட்டி, தம் மாமனாருக்கு மூன்று நாள் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்துவிட்டு அவர் வந்திருந்தார். நாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே எங்கள் ஓய்வு இன்னொருவர் தோளில் ஏறிவிட்டது. இந்தத் தோள் என்ற வார்த்தையை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோளில் ஏறிய உல்லாசம்

வத்தலக்குண்டைத் தாண்டிச் சமவெளி முடிந்ததும் பஸ் மலையைச் சுற்றத் தொடங்குகிறது. டம்டம் பாறையருகே எல்லோரும் ஒரு பக்கமாகத் தலையை நீட்டுகிறார்கள். எதிர்மலையில் எலிவால் அருவி என்னும் தலையாறு நீர்வீழ்ச்சி வெள்ளி நூல்போல் தொங்குகிறது. அதன் உயரம் 297 மீட்டர். கீழே மஞ்சளாற்று அணையின் நீர் கண்ணாடித் துண்டுபோல் மின்னுகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், "அப்பா, இந்த ரோடு இல்லாத காலத்தில் எப்படி ஏறினார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தகப்பனார் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபடியால் பதில் சொல்லவில்லை. நாங்கள் சொல்லுகிறோம்.

1821ல் லெப்டினண்ட் வார்டு என்னும் நில அளவை அதிகாரி இம்மலைகளை அளந்தார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் உஷ்ணத்துக்கும் காலராவுக்கும் தங்கள் குழந்தைகளைப் பலிகொடுத்து மனம் உடைந்திருந்தார்கள். அவர்கள் 1845ல் கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பிறகு மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863ல் ஓடைக்கு அணைபோட்டு ஏரியை உண்டாக்கினார். 1875ல் அம்மையநாயக்கனூரில் ரயில் நிலையம் ஏற்பட்டது. அதைத்தான் இன்று கோடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக்கு வருவார்கள். அதற்கு மேல் வண்டிப்பாதை இல்லை. நடக்கக் கூடியவர் நடப்பார்; குதிரையுள்ளவர் குதிரையில் ஏறுவார். மற்ற துரைமார்களும் துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலோ டோலியிலோ உட்காருவார்கள். நம் ஜனங்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறுவார்கள். பெட்டி, பீரோ, பியானோ எதுவானாலும் வழி அதுவே. இந்த மோட்டார்ப் பாதை கட்டி முடிந்தது 1914ல்தான்.

கடல் கடந்து வந்த தம்பதிகள் அந்நிய தேசத்து மலையொன்றில் தங்கள் ஊர்ச் சீதோஷ்ணத்தைக் கண்டு மகிழ்ந்ததை நாம் குறை கூறவேண்டியதில்லை. நோயினால் குழந்தையை இழந்த தாயின் துயரம் எந்த ஜாதிக்கும் ஒன்றே. ஆனால் அந்தச் சந்தோஷத்தைச் சுமந்து ஏறியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் ஏறிய வழிக்கு மட்டும் 'கூலி காட்' என்று பெயர் நிலைத்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இதே மலையில் வெள்ளகவி என்னும் கிராமம் நெடுங்காலம் சாலையின்றி இருந்தது. இந்த நூற்றாண்டிலும் அவ்வூர் நோயாளிகளைக் கம்பில் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் உல்லாசத்தைச் சுமந்த டோலி, பிற்காலத்தில் உயிரைச் சுமந்தது.

ஊரும் உழைப்பும்

பெருமாள்மலையில் இறங்கினோம். கோடைக்கானலுக்குச் செல்லும் கூட்டம் நேரே மேலேறிவிட, நாங்கள் பேத்துப்பாறைக்குப் பிரியும் கிளைச்சாலையில் ஆட்டோவில் போனோம். இவ்வூர் வில்பட்டி ஊராட்சியைச் சேர்ந்தது. கோடைக்கானலைவிடத் தாழ்ந்த இடமாதலால் குளிர் பல்லைக் கிட்டச் செய்வதில்லை. சில்வர் ஓக் மரங்கள் நெடிது நிற்கின்றன. அவற்றின்மேல் மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி. இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு, இவ்வூரார் 'பட்டர் புரூட்' என்று சொல்லும் வெண்ணெய்ப்பழம். ஒரே நிலத்தில் நான்கு அடுக்கு விளைச்சல். எங்கே திரும்பினாலும் தண்ணீரின் ஓசை. அஞ்சுவீடு அருவி இவ்வூரைச் சார்ந்ததுதான். பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால் அதில் இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு. நாங்கள் தூரத்திலிருந்தே வணங்கிவிட்டு வந்தோம்.

மலைவாழையைப் பற்றி இரண்டு வார்த்தை. விருப்பாட்சி, சிறுமலை என்னும் இந்த வாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது விருப்பாட்சிப் பழமே. பஞ்சாமிர்தமும் 2019ல் அதே சிறப்பைப் பெற்றது. தோல் கறுத்து, காம்பு வாடியிருக்கும்போதுதான் இந்தப் பழத்தின் இனிப்பு முழுமை பெறுகிறது. மதுரைக் கடையில் பளபளப்பைப் பார்த்துப் பழம் வாங்கும் எங்களுக்கு இது புதிய பாடம். முடிக்கொத்து நோய் என்னும் ஒரு வியாதி 1970களில் இம்மலைகளின் வாழைத் தோட்டங்களை அழித்தது. குருத்து கொத்தாகக் குறுகி, குலை தள்ளாமலே மரம் நின்றுவிடும். அதிலிருந்து மீண்டுவந்த விவசாயிகளுக்கு இப்போது யானை, காட்டுமாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் தொல்லை.

யானைமீது குற்றம் சொல்ல நியாயமில்லை. அதன் வழியில்தான் நாம் தோட்டமும் விடுதியும் வேலியும் போட்டிருக்கிறோம். 2013ல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று யானைக்கு யார் போய்ச் சொல்லுவது?

விடியற்காலை விளக்கு

நாங்கள் தங்கியது ஒரு தோட்டத்துக்குள் இருந்த சிறு வீடு. முதல்நாள் இரவு நன்றாக உறங்கினோம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்களில் ஆசிரியைக்கு விழிப்புக் கொடுத்துவிட்டது. இருபது வருஷத்துப் பழக்கம் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுமா? எழுந்தாயிற்று, செய்வதற்கு ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்தபோது பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு விளக்கு எரிந்தது. அது சமையற்கட்டு. அங்கே ஓர் அம்மாள் இட்லிப் பானையை அடுப்பேற்றிவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

"எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?" என்று கேட்டதற்கு, "மூன்றரைக்கு, டீச்சர். வீட்டுல பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி வச்சிட்டுத்தான் இங்க வரணும்" என்றார்.

சம்பாஷணை வளர்ந்தது. காலையில் விடுதிச் சமையல். விருந்தாளிகள் இல்லாத நாட்களில் காப்பித் தோட்டத்தில் களையெடுப்பு. கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு. சாயங்காலம் விறகும் தண்ணீரும். இதற்கு நடுவே சுய உதவிக் குழுவின் கடன் தவணை.

"உங்களுக்கு லீவு என்று ஒரு நாள் உண்டா?"

அந்த அம்மாள் சிரித்தார். "ஏன் இல்லாம? ஆனை வந்தா லீவுதான். தோட்டத்துக்குள்ள ஆனை நிக்கிதுன்னா யாரும் வேலைக்குப் போக மாட்டாங்க. ஆனா அன்னைக்குக் கூலி கிடையாதுல்ல, டீச்சர்!"

யானை கொடுக்கும் விடுமுறை! அதற்கும் சம்பளம் இல்லை.

எங்கள் அடுப்புக்கு விடுமுறை கிடைத்தது உண்மை. ஆனால் அடுப்பு அணையவில்லை. மதுரையில் ஐந்து மணிக்கு எரிந்தது, பேத்துப்பாறையில் நான்கரைக்கே எரிந்தது. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறங்கிய சுமை, வேறொரு பெண்ணின் தோளில் ஏறிக்கொண்டது. மதுரையில் நாத்தனார், மலையில் இந்த அம்மாள். இருவர் உழைப்பில் ஒருவர் ஓய்வு. இது பெரிய அநியாயமென்று கூச்சலிடுவதற்கில்லை. விருந்தாளி வந்தால்தானே அந்த அம்மாளுக்குக் கூலி? எங்களுக்கும் உழைத்துச் சேர்த்த பணத்தில் மூன்று நாள் இளைப்பாற உரிமை உண்டல்லவா? ஆனால், யார் தோளில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக்கூட அறியாமல் உட்கார்ந்திருப்பது மனிதருக்கு அழகன்று. டோலியில் போன துரைமாருக்காவது முன்னும் பின்னும் இருந்த முகங்கள் தெரிந்தன. நமக்கு அவை சமையற்கட்டுக் கதவுக்கு அப்பால் மறைந்துவிடுகின்றன.

சூரியனைப் பார்த்த தம்பதி

இரண்டாம் நாள் கோடைக்கானல் நகரம் சென்றோம். ஏரியைச் சுற்றிலும் மோட்டார்கள் எறும்பு வரிசைபோல் நின்றன. அங்கே அதிக நேரம் நிற்காமல் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் குன்றுக்குப் போனோம். 1899ல் அங்கே வேலை தொடங்கிற்று. 1904 முதல் சூரியனைப் படம்பிடித்து வரும் இடம் அது. உலகத்தில் இத்தனை நீண்ட காலச் சூரியப் படத் தொகுதி உள்ள இடங்கள் மிகச் சிலவே.

எங்களுக்கு அந்த இடத்தைக் காண விருப்பம் ஏற்பட்டதற்குக் காரணம் ஒரு தம்பதி. ஜான் எவர்ஷெட் என்பவரும் அவர் மனைவி மேரியும் 1906ல் மணம் புரிந்துகொண்டு, 1907ல் இங்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது மோட்டார்ப் பாதை முடிந்திருக்கவில்லை. 1909 ஜனவரியில் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்று அழைக்கிறது. 1911ல் அவர் நிலையத்தின் தலைவரானார்.

மேரி அம்மையார் வானநூலைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். பெரிய உத்தியோகம் கணவருடையது. ஆனால் வேலை இருவருடையதாக இருந்தது. சூரியனின் விளிம்பில் எழும் பெரும் சுடர்களை அவர் ஆராய்ந்தார். அச்சுடர்களைப் பற்றி 1917ல் வெளிவந்த நிலைய வெளியீட்டில் கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்திலுள்ள வானநூலைப் பற்றியும் அம்மையார் ஒரு நூல் எழுதினார். 1915ல் இருவரும் காஷ்மீரத்துக்குப் போனார்கள். அந்த மலைநாட்டுக்குப் போனதும் ஏரியில் படகு விடுவதற்காக அல்ல. அங்கிருந்து சூரியன் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்ப்பதற்காகத்தான்! 1923ல் தாய்நாடு திரும்பினார்கள்.

அக்காலத்து மலைப் பங்களாக்களில் சமையற்காரரும் தண்ணீர் சுமப்பவரும் இல்லாமல் இருந்ததில்லை. ஆகவே இத்தம்பதியைச் சகலருக்கும் உதாரணமாக நிறுத்தப் போவதில்லை. ஆயினும் 'என் வேலை, உன் வேலை' என்ற சுவரை அவர்கள் ஒரு தொலைநோக்கியினருகே இடித்துவிட்டார்கள். கணக்கர் அதைக் கேட்டுச் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "நமக்குத் தொலைநோக்கி வேண்டாம், காப்பி வடிகட்டி போதும்" என்றார். அதன் பலனைப் பின்னால் சொல்லுகிறோம்.

கல்வீட்டார்

மூன்றாம் நாள் காலை, ஊரார் ஒருவர் துணையுடன் கல்திட்டை பார்க்கப் போனோம். நான்கு புறமும் பலகைக் கல் நட்டு, மேலே ஒரு பெருங்கல் மூடி வைத்த பழங்காலச் சின்னங்கள் அவை. செண்பகனூர் கிறிஸ்தவ மடத்தைச் சேர்ந்த ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் இம்மலைகளின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928ல் வெளியிட்டது. தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பக்கங்களில் இத்தகைய திட்டைகள் உண்டு. சில சிதைந்துவிட்டன, சில தோட்ட வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டன.

'கோடைக்கானலைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று பொது அறிவுப் புஸ்தகங்களில் ஒரு கேள்வி வருவதுண்டு. மாணவர்கள் ஒரு துரையின் பெயரை எழுதி மதிப்பெண் பெறுவார்கள். இந்தக் கற்களுக்கு முன்னால் நின்றபோது அந்தக் கேள்வியே வேடிக்கையாகத் தோன்றிற்று. துரைமார் டோலியில் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்து, தம் மாண்டாரை மறவாமல் கல் நட்டிருக்கிறார்கள். பளியர்கள் தேனும் கிழங்கும் எடுத்து இக்காட்டில் நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறார்கள். பேத்துப்பாறையிலும் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. நமக்கு மூன்று நாள் மலைவாசம். அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மலையே வாசம்.

ஓய்வும் உரிமைதான்

1936ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஆறு வேலைநாட்களாவது சம்பளத்துடன் விடுமுறை வேண்டும் என்பது அதன் சாரம். சுதந்திர இந்தியா 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும், சம்பளத்துடன் விடுமுறையையும் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் அது பெரிய தோட்டங்களை உத்தேசித்து எழுதப்பட்டது. சிறு தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் போகிற பெண்ணிடம் அதன் பலன் வந்து சேரவில்லை. வீட்டுக்குள் வேலை செய்யும் பெண்ணுக்கோ எந்த மகாநாடும் ஆறு நாள் ஒதுக்கவில்லை.

1947ல் மலைகள் நம்முடையவை ஆயின. ஏரிக்கரையில் நடக்க எவர் அனுமதியும் நமக்கு வேண்டாம். நாடு பெற்ற விடுதலையின் இனிய பயன்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஓய்வு என்கிற செல்வம் இன்னும் சிலர் பெட்டியிலேயே இருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளச் சட்டம் மாத்திரம் போதாது; குடும்பத்தாரின் நடத்தையும் வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை முந்தின நாளே சொல்லிவிடலாம்; சமையற்கட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்குவார். இரவு பத்து மணிக்குமேல் வெந்நீர் கேட்காமல் இருக்கலாம். ஊரில் விளைவதைச் சாப்பிடலாம். சமைத்தவரை அழைத்து, 'நன்றாயிருந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வெகுமதியை விடுதிக் கணக்கில் சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுக்கலாம். இருட்டினபின் யானைப் பாதையில் நடக்காமலும், குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் தீனி போடாமலும் இருக்கலாம். ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தது. ஆயினும் பாதையோரப் பள்ளங்களில் அதைத்தான் கண்டோம். கூட்டம் மிகுந்துபோனதனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு முன்னதாகவே பதிவு செய்து சீட்டுப் பெறும் ஏற்பாடு வந்தது. சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். நம் வீட்டுக்கு விருந்தாளி வருவதாயிருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதில்லையா? மலைக்கும் அந்த மரியாதை உண்டு.

வீட்டு நிலவரம்

திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. காலைக் காப்பி இப்போது கணக்கர் பொறுப்பு. முதல் வாரத்தில் பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது; டிகாக்ஷன் ஒரு நாள் கஷாயமாகவும் மறுநாள் தீர்த்தமாகவும் இறங்கிற்று. மாமியார் ஒரு நாள் ருசித்துப் பார்த்துவிட்டு, "என் பிள்ளை கையால் காப்பி குடிக்க எண்பது வருஷம் ஆச்சு!" என்றார். அது பாராட்டா, வசையா என்று கணக்கர் இன்னும் ஆராய்ந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அடுப்பு எரிவதில்லை. அவலும் தயிரும் வாழைப்பழமும்தான். பெண்ணும் பாத்திரம் துலக்குகிறாள். லீவில் வந்த மூத்தவனும் துலக்கினான். பெண்பிள்ளைக்கு மட்டும் அந்த வேலையைப் பழக்கினால், அரசாங்கம் அடுத்த முறை எடுக்கும் கணக்கிலும் அதே 289 நிமிஷம்தானே வரும்?

ஆசிரியை இப்போது ஐந்தரைக்கு எழுகிறார். அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்கலாம். மொட்டை மாடியில் சும்மா நிற்கிறார். அதுதான் அவருடைய மலைவாசம்.

நாத்தனாருக்கும் ஒரு கடன் இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் அவரும் அவர் கணவரும் நான்கு நாள் எங்காவது போய்வருவதென்றும், அவருடைய மாமனாரைக் கவனிக்க நாங்கள் விருதுநகர் செல்வதென்றும் ஏற்பாடாகியிருக்கிறது. "அதெல்லாம் எதுக்கு அண்ணி?" என்று முதலில் மறுத்தார். இப்போது எங்கே போகலாம் என்று தினம் ஒரு முறை தொலைபேசியில் கேட்கிறார்.

பேத்துப்பாறை அம்மாளும் புறப்படும்போது ஒன்று சொன்னார். மதுரைக்கு அவர் வந்தது ஒரே முறை. அதுவும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மீனாட்சியம்மனை இன்னும் தரிசிக்கவில்லையாம். பிள்ளைகளுடன் எங்கள் வீட்டில் வந்து தங்கும்படி சொல்லியிருக்கிறோம். தை மாதத்தில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். வரும் நாட்களில் அவரைச் சமையற்கட்டுப் பக்கம் விடுவதில்லை என்றும், இட்லி யார் பொறுப்பு, சட்னி யார் பொறுப்பு என்றும் இப்போதே எங்களுக்குள் பங்கு பிரித்தாகிவிட்டது.